குச்சி ஐஸ் புகார்

ஒரு வரி எழுதி முடித்ததும் சேவ் பண்ணிவிடுவேன். இந்த வரியையும் பண்ணியாகிவிட்டது. மடியில் இருப்பது பேட்டரி வைத்த லேப்டாப். தெரு முழுக்க மின்சாரம் போனாலும் இரண்டு மணி நேரம் தாங்கும். "அதான் பேட்டரி இருக்குதுல்ல, எதுக்கு அத குத்திகினே இருக்கீங்க? கொசு அடிக்கிறீங்களா?" என்று மனைவி கேட்பாள். பழக்கம் என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். யாரிடமிருந்து தொற்றிய பழக்கம் என்பதை அவளிடம் இதுவரை சொன்னதில்லை. இத்தனை வருடத் திருமண வாழ்க்கையில் அவளிடம் மறைத்தவை என்று பெரிதாக எதுவும் இல்லை. மறைக்கும்படியாக எதையாவது செய்யும் சாமர்த்தியம் எனக்கு இருந்ததில்லை. இது ஒன்றுதான் மிச்சம்.

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலையில் இருந்தேன். சாஃப்ட்வேரில் இருக்கிறான் என்று ஊரில் அப்பா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தமிழ் எம்.ஏ. படித்தவன் அங்கே என்ன செய்கிறான் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காதவரை நானும் விளக்கவில்லை. கம்பெனி விற்றது ஒரே ஒரு சரக்கு. தமிழும் கன்னடமும் அடிக்க உதவும் ஒரு எடிட்டர். டி.டி.பி. கடைகளும் சின்ன அச்சகங்களும் வாங்கின. அதற்குக் கையேடு எழுதுவது, மெனுவுக்குத் தமிழ்ச் சொல் பிடித்து வருவது, மாதம் இரண்டு முறை கடை கடையாகப் போய் "எப்படி இருக்குது நம்ம சாஃப்ட்வேர்?" என்று கேட்டுப் படிவம் நிரப்பி வருவது, இவைதான் என் உத்தியோகம்.

படிவத்தில் பன்னிரண்டு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒன்று முதல் ஐந்து வரை எண்கள். பிடித்த எண்ணைச் சுற்றி வட்டம் போட வேண்டும். எந்தக் கடைக்குப் போனாலும் பன்னிரண்டுக்கும் ஐந்துதான். தேடி வந்த மனுஷனிடம் முகத்துக்கு நேரே குறை சொல்ல நம்மவர்களுக்கு வராது. காப்பி வாங்கிக் கொடுப்பார்கள், ஐந்து போடுவார்கள். குறைத்துப் போட்டால் அடுத்த முறை ரிப்பேருக்கு ஆள் வராதோ என்ற பயமும் கொஞ்சம் உண்டு. உண்மை வெளியே வருவது நான் படிவத்தைப் பைக்குள் வைத்து, வாசலில் செருப்பை மாட்டும்போதுதான். "அப்புறம் சார், ஒரு சின்ன விஷயம்..." என்று ஆரம்பிப்பார்கள். அந்தச் சின்ன விஷயத்தைக் கேட்கத்தான் கம்பெனி எனக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது என்று இப்போது தோன்றுகிறது. செருப்பு மாட்டும் நேரத்துக்கென்று படிவத்தில் கேள்வி இல்லை. கடைசியில் 'பிற கருத்துகள்' என்று மூன்று வரிக் கோடு மட்டும் இருந்தது.

இனி எங்கள் சேவ் பற்றிச் சொல்ல வேண்டும். மற்ற எடிட்டர்களில் கண்ட்ரோலையும் எஸ்ஸையும் அமுக்கினால் சேவ் ஆகும். எங்களுடையதில் அந்த இடத்தில் ஸ்ரீ குடியிருந்தது. முதலாளி பக்திமான். எடிட்டர் முதன்முதலில் ஓடிய நாளில் கணினிக்குக் குங்குமம் வைத்து, முதலில் ஸ்ரீ என்று அடித்துத்தான் தொடங்குவேன் என்று நின்றார். நிரல் எழுதியவர்கள் அவசரத்துக்குக் கைக்கெட்டிய கண்ட்ரோல்-எஸ்ஸில் அதை வைத்துக் கொடுத்தார்கள். வைத்த சாமியை அப்புறம் யார் எடுப்பது? சேவ் பக்கத்துத் தெருவுக்குக் குடிபோனது: கண்ட்ரோல், ஆல்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அமுக்க வேண்டும். முன் இரண்டோடு எஸ்ஸுக்குப் பதில் டெலீட் சேர்ந்தால் கணினி செத்துப் பிழைக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். காக்கவும் கொல்லவும் ஒரே வாசல்.

இத்தனைக்கும் விசைப்பலகையின் மேல் வரிசையில் எஃப்-2 முதல் எஃப்-9 வரை எட்டு விசைகள் வேலைவெட்டி இல்லாமல் கிடந்தன. கையேட்டில் அவற்றுக்கு நேரே, 'எதிர்காலத் தேவைக்காக ஒதுக்கப்பட்டுள்ளது' என்று எழுதியவன் நான்தான். அது எந்த எதிர்காலம் என்று எனக்குத் தெரியாது. வாக்கியம் நன்றாக இருந்தது, எழுதினேன்.

லிங்கராஜபுரத்தில் சர்ச்சுக்குப் போகும் வழியில் ஒரு டி.டி.பி. கடை. கல்யாணப் பத்திரிகை, முதல் நன்மை அழைப்பிதழ், நினைவு அஞ்சலி அட்டை, ஜெபக்கூட்ட நோட்டீஸ், வாடகை ஒப்பந்தம் என்று எது கேட்டாலும் அடித்துக் கொடுப்பார்கள். அடிப்பது ஒரே ஆள். நாற்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி. தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றையும் ஒரே வேகத்தில் அடிப்பார். கடைக்காரர் வயதானவர். வாடிக்கையாளரிடம் பேச்சுக் கொடுப்பதும், தேநீர் சொல்லி அனுப்புவதும், அந்த அக்கா அடிப்பதைப் பின்னால் நின்று பெருமையோடு பார்ப்பதும் அவர் பொறுப்பு. கடையில் ஒரு யு.பி.எஸ். உண்டு. பேட்டரி செத்து வெகுகாலமாகியிருந்தது. அதன் மேல் மாதா சொரூபம் வைத்திருந்தார்கள். யு.பி.எஸ்.ஸை நம்புவதைவிட மாதாவை நம்பலாம் என்பது கடைக்காரரின் கட்சி.

முதல் தடவை நான் போனபோது காப்பி வந்தது. படிவத்தை நீட்டினேன்.

"எல்லாத்துக்கும் அஞ்சு போட்டுடு மா," என்றார் கடைக்காரர். "நல்ல பசங்க. கூப்ட்டா வராங்க."

அக்கா பன்னிரண்டு வட்டம் போட்டார். ஒவ்வொன்றும் அச்சில் வார்த்தது போல ஒரே அளவு. நான் நன்றி சொல்லிவிட்டு வாசலுக்கு வந்து செருப்பில் காலை நுழைத்தேன்.

"தம்பி, ஒரு நிமிஷம். அந்த சேவ் இருக்குதே..."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன். விசைப்பலகையின் இடது மூலையில் கண்ட்ரோலுக்கும் ஆல்ட்டுக்கும் குறுக்கே பாலம் போல ஒரு மரக்குச்சி. இரண்டு முனையிலும் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி.

"என்னக்கா இது?"

"குச்சி ஐஸ் குச்சி. ஐஸ சாப்ட்டது அண்ணே. குச்சி மட்டும் எனக்கு."

"சாப்புடும்மான்னு நானும்தான் சொன்னேன். தொண்ட கட்டிக்கும்னு நீதான வேணான்ன," என்றார் கடைக்காரர் பின்னாலிருந்து.

"நீங்க சும்மா இருங்கண்ணே. பாருங்க தம்பி, சுண்டு விரலு இங்க, கட்ட விரலு இங்க, அப்பறம் எஸ்சுக்கு இன்னொரு விரலு. வரிக்கு வரி. நாள் பூரா பண்ணா கை நண்டு மாரி ஆயிடுது. அதான் இத ஒட்டிகினேன். இப்ப உள்ளங்கை ஓரத்தால ஒரே தட்டு, ரெண்டும் சேந்து எறங்கிடும்." தட்டிக் காட்டினார். டக் என்று சத்தம் வந்தது.

"பிரமாதமா இருக்குதேக்கா!"

"என்னா பிரமாதம்? பாதி தபா வழுக்குது. இப்ப மணிக்கட்டும் சேந்து நோவுது."

"ஏன்க்கா வரிக்கு வரி? பக்கத்துக்கு ஒரு தடவ பண்ணா போதாதா?"

கேட்டு வாயை மூடவில்லை, மின்விசிறி நின்றது. திரை அணைந்தது. பக்கத்து பேக்கரியிலிருந்து ஒருவர் தெருவுக்கே செய்தி வாசிப்பது போல, "கரெண்ட் ஹோய்த்து!" என்றார்.

அக்கா சிரித்தார். "தெரிஞ்சிச்சா? போன மாசம் நாலு பக்கம் ஜெபமால போச்சு தம்பி. அன்னிலருந்து வரிக்கு ஒண்ணு."

எங்கள் அலுவலகத்தில் ஜெனரேட்டர் இருந்தது. எங்கள் ஆட்கள் சாப்பிடப் போகும்போது ஒருமுறையும் வீட்டுக்குப் போகும்போது ஒருமுறையும் சேவ் பண்ணுவார்கள். மூன்று விரல் தூரத்தில் அதை வைத்தவர்களுக்கு அது தூரமாகத் தெரிந்திருக்க வழியில்லை.

மறுபடி செருப்பு மாட்டினேன். அக்கா வாசல்வரை வந்தார். கடைக்காரர் காதில் விழாத அளவுக்குக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழம சர்ச்சுல ஆர்கன் வாசிக்கிறது நாந்தான் தம்பி. எடது கையிலதான் கீழ சுரம் எல்லாம் வரும். ரெண்டு வாரமா சுண்டு விரலு போய் சேர மாட்டேங்குது. பாட்டு முன்னாடி போயிடுது, விரலு பின்னாடி வருது. மேல எதுனா ஒரு கீ சும்மாதான கெடக்குது, அதுல வெச்சிட சொல்லுங்க. ஒரே கீ, ஒரே தட்டு. வேற ஒண்ணும் வேணா."

"எழுதிக்கிறேன்க்கா."

"மறந்துடாதீங்க."

"அதெப்படி மறப்பேன்?"

மறக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே எழுத ஆரம்பித்தேன். இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நல்லதாக ஒன்றும் இல்லை. அலுவலகத்தில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சமோசாவோடு ஒரு மீட்டிங் நடக்கும். அதில் மேனேஜர் என் படிவங்களின் 'பிற கருத்துகள்' பகுதியை உரக்க வாசிப்பார். எல்லாரும் சிரிப்பார்கள். சின்னப் பத்திரிகைகளுக்கு நான் அனுப்பிய நகைச்சுவைக் கட்டுரைகளெல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்துகொண்டிருந்த காலம் அது. என் எழுத்துக்கு உலகத்தில் இருந்த ஒரே வாசகர் வட்டம் அந்தப் பதினொரு பேர்தான்.

மூன்று வரி போதாமல் படிவத்தின் பின்பக்கமும் எழுதினேன். 'லிங்கராஜபுரத்தில் நமது எடிட்டருக்கு ஓர் உதிரி பாகம் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது' என்று தொடக்கம். ஆராய்ச்சிக்காக முதலில் ஐஸைச் சாப்பிட்டுத் தீர்த்த கடைக்காரரின் தியாகம், பிளாஸ்திரி போட்டுச் சிகிச்சை பெறும் கண்ட்ரோல் விசை, செத்த யு.பி.எஸ். மேல் நின்று கடையைக் காக்கும் மாதா என்று ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டேன். ஆர்கன் விஷயத்தையும் எழுதினேன். ஒரு வரி. பிறகு முழுவதையும் ஒருமுறை படித்துப் பார்த்தேன். அந்த ஒரு வரி சோற்றில் கல் போல இடறியது. அது இருந்தால் அதற்குப் பின்னால் வரும் பிளாஸ்திரி ஜோக்குக்கு யாரும் சிரிக்க மாட்டார்கள். பேனாவால் அடித்தேன்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் வாசித்தார். அதுவரை நான் எழுதியதிலேயே அதுதான் பெரிய வெற்றி. மேனேஜருக்குக் கண்ணில் நீர் வந்தது. நிரல் எழுதுபவர்களில் மூத்தவர் மண்டியா பக்கத்துக் கன்னடக்காரர். நல்ல தமிழ் பேசுவார், ஆனால் எல்லாரையும் குரு என்றுதான் கூப்பிடுவார். மேஜையைத் தட்டிக்கொண்டே, "ஏன் குரு, அது எந்த ஃப்ளேவர் குச்சி?" என்றார்.

"ஆரஞ்சு," என்றேன். இன்னொரு சுற்றுச் சிரிப்பு.

மேனேஜர் கண்ணைத் துடைத்தார். நல்ல மனுஷன், வேலை தெரிந்தவர். "சரி, ஜோக் எல்லாம் இருக்கட்டும். இதுல நாம சீரியஸா ஏதாவது பண்ணணுமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

கேள்வி நேராக என்னிடம் வந்தது. பதினொரு முகங்களிலும் சிரிப்பு இன்னும் ஆறாமல் இருந்தது. ஆமாம் சார், அந்தம்மாவுக்குக் கை போய்க்கொண்டிருக்கிறது என்று சொன்னால் அத்தனை முகமும் தொங்கிப்போகும். அத்தனை நேரம் எதற்குச் சிரித்தோம் என்று ஆகிவிடும்.

"அதெல்லாம் வேணாம் சார். அவங்க சமாளிச்சுக்கிறாங்க," என்றேன்.

மேனேஜர் படிவத்தின் ஓரத்தில் 'பயிற்சி தேவை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து அதற்கு அலுவலகத்தில் 'குச்சி ஐஸ் புகார்' என்று பெயர்.

ஆறு மாதம் கழித்துப் புதிய வெர்ஷன் வந்தது. அதை ஏற்றிக் கொடுக்க எங்கள் இன்ஸ்டலேஷன் ஆள் என்னோடு லிங்கராஜபுரத்துக்கு வந்தான். கலகலப்பானவன், எல்லாக் கடையிலும் அவனை மாப்பிள்ளை மாதிரி வரவேற்பார்கள். விசைப்பலகையைப் பார்த்ததுமே அவன் முகம் மலர்ந்தது.

"அட! குச்சி ஐஸ் அக்கா நீங்கதானா? ஆஃபீஸ்ல நீங்க செம ஃபேமஸ்க்கா! சார் எழுதினத படிச்சு அன்னிக்கு எல்லாரும் வயிறு வலிக்க சிரிச்சோம்."

அக்கா என்னைப் பார்த்தார். கோபம் எதுவும் தெரியவில்லை. கணக்கு ஒன்று ஒத்துவராதபோது மறுபடி பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தார்.

"அப்டியா பேரு வெச்சிருக்கீங்க?" என்றார். பிறகு, "சொன்னீங்களா தம்பி?"

"சொன்னேன்க்கா."

"என்னா சொன்னாங்க?"

"அடுத்த வெர்ஷன்ல பாக்கலாம்னாங்க."

"இது அடுத்த வெர்ஷன்தான?"

இன்ஸ்டலேஷன் ஆள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஃபிளாப்பியை உள்ளே தள்ளுவதில் மும்முரமானான்.

புது வெர்ஷனில் ஒரு புது வசதி இருந்தது. கண்ட்ரோலையும் ஆல்ட்டையும் சேர்த்துத் தட்டினால் தமிழ் கன்னடமாகும். இன்னொரு முறை தட்டினால் கன்னடம் தமிழாகும். மூன்று விரலால் ஒரே நொடியில் அமுக்கினால் பழையபடி சேவ். ஆனால் குச்சியைத் தட்டிவிட்டுக் கை எஸ்ஸுக்குப் போகும் அந்த அரை நொடிக்குள் மொழி மாறிவிடும். அக்கா ஒரு கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தார். மணமகன் பெயர் தமிழில் வந்தது. குச்சியைத் தட்டினார். மணமகள் கன்னடத்தில் வந்தாள். அழித்தார். மறுபடி அடித்து, மறுபடி தட்டினார். இந்த முறை மாமனார் கன்னடத்துக்குப் போனார்.

"கலப்புத் திருமணம் மா," என்றார் கடைக்காரர். யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை என்பதைப் பதிவுசெய்கிறேன்.

அக்கா பிளாஸ்திரியை நகத்தால் நெம்பி எடுத்தார். ஒட்டி வெகுநாளானதால் உரிந்து வர நேரமெடுத்தது. விசையின் மேல் பசை கறுப்பாக நின்றது. குச்சியைப் பேனா டப்பாவுக்குள் போட்டார். "பரவால்ல, பழைய மாரியே பண்ணிக்கிறேன்," என்றார். படிவத்தை நீட்டினேன். பன்னிரண்டு ஐந்துகள் போட்டுக் கொடுத்தார். அன்று நான் செருப்பு மாட்டும்போது யாரும் எதுவும் சொல்லவில்லை.

திரும்பி வந்து மண்டியாக்காரரிடம் கேட்டேன், இந்த இரண்டு விசைத் தட்டு யார் யோசனை என்று.

"உன் யோசனைதான் குரு! ரெண்டையும் ஒரே தட்டுல ஈஸியா அமுக்கலாம்னு உன் ரிப்போர்ட்லதான இருந்துச்சு?" என்றார், மனமாரப் பாராட்டுபவர் போல.

"அந்த அக்காவுக்கு இப்ப ரொம்பக் கஷ்டமாயிடுச்சு."

"யாரு, குச்சி ஐஸா? என்ன, இப்ப குல்ஃபிக்கு மாறிட்டாங்களா?" என்று சிரித்தார். அவர் மேல் தப்பில்லை. அந்தப் பெண்மணியைச் சிரிப்பாகத்தான் நான் அவருக்கு அறிமுகம் செய்து வைத்திருந்தேன். இப்போது திடீரென்று முகத்தை நீட்டிக்கொண்டு நின்றால் அதையும் நடிப்பு என்றுதான் நினைப்பார். நானும் சிரித்துவிட்டு என் இடத்துக்குப் போனேன்.

அடுத்த மழைக்காலத்தில் மண்டியாக்காரரே ஒரு பிழையைத் துரத்த வேண்டி வந்தது. சேவ் பண்ணும்போது எப்போதாவது கடைசி எழுத்து தின்னப்படுவதாகப் புகார். அது எப்போது நடக்கிறது என்று பிடிக்க, வாரம் முழுக்க உட்கார்ந்து கண்ட்ரோல், ஆல்ட், எஸ் என்று அமுக்கிக்கொண்டே இருந்தார். வெள்ளிக்கிழமை இடது மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு வந்தார். திங்கட்கிழமை காலை சேவ் விசையை எஃப்-2-க்கு மாற்றினார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் மேஜைக்கு வந்த தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஸ்ரீ இருந்த இடத்திலேயே இருந்தது. அதைத் தொட வேண்டிய அவசியமே வரவில்லை.

"பாவம் குரு அந்தம்மா," என்றார் மணிக்கட்டைத் தடவியபடி. ஒரு வாரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது.

வெர்ஷனோடு அனுப்பும் குறிப்பை வழக்கம்போல நான்தான் எழுதினேன். 'பயனர்களின் கருத்துகளை ஏற்று, சேமிக்கும் விசை எளிமையாக்கப்பட்டுள்ளது.' இதுவும் நல்ல வாக்கியம்தான்.

ஃபிளாப்பிகளை எடுத்துக்கொண்டு நான் மட்டும் லிங்கராஜபுரம் போனேன். வழியில் அந்த பேக்கரியில் கால் கிலோ தில்பசந்தும் வாங்கினேன். நல்ல செய்தி கொண்டுபோகிறவன் வெறுங்கையோடு போகக் கூடாதல்லவா.

அக்காவின் நாற்காலியில் வேறொரு பெண் அடித்துக்கொண்டிருந்தாள். அக்கா பக்கத்து மேஜையில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து பிழை திருத்திக்கொண்டிருந்தார். இடது கை மடியில் இருந்தது. முழங்கைக்குக் கீழே விரல்வரை பழுப்பு நிறத் துணிக்கட்டு.

"வாங்க தம்பி. நான் இப்ப டைப்பு இல்ல, ப்ரூஃபு. டாக்டர் வேணான்ட்டாரு. அண்ணேதான் போகாத, இப்டி ஒக்காந்து இதப் பாருன்னாரு."

"ஆர்கன்க்கா?"

"வேற ஒருத்தரு வாசிக்கிறாரு. நல்லாத்தான் வாசிக்கிறாரு. நான் கீழ ஒக்காந்து பாடறேன். பக்கத்துல ஒக்கார்றவங்களுக்குத்தான் கஷ்டம்."

புது வெர்ஷனை ஏற்றினேன். கை நடுங்கியதா என்று நினைவில்லை. நடுங்கியதாக எழுதினால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். எஃப்-2 பற்றிச் சொன்னேன். அக்கா எழுந்து வந்து, அந்தப் பெண்ணின் தோளுக்கு மேலாக வலது கையை நீட்டி, ஆள்காட்டி விரலால் ஒருமுறை அமுக்கினார்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்க்கா."

"உள்ள மாத்தறது ரொம்ப கஷ்டமோ தம்பி? இவ்ளோ நாளாச்சே."

கஷ்டம் என்று சொல்லியிருக்கலாம். மாதக்கணக்கில் பாடுபட்டோம் என்று சொன்னாலும் நம்பியிருப்பார். அந்தக் கடையில் நான் பேசிய ஒரே உண்மை அடுத்து வந்தது.

"இல்லக்கா. ஒரு டீ ஆறுற நேரம்."

அக்கா தலையை ஆட்டிக்கொண்டு தன் மேஜைக்குப் போனார். கடைக்காரர் தில்பசந்தைப் பிரித்து எல்லாருக்கும் கொடுத்தார். படிவத்தை நான் பையிலிருந்து எடுக்கவே இல்லை. செருப்பு மாட்டும்போது அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, அன்னிக்கு என்னப் பத்தி என்னமோ எழுதுனீங்களாமே. அதுல ஒரு ஜெராக்ஸு கொண்டாங்களேன்."

"எதுக்குக்கா?"

"இந்த ஏரியால எல்லார் எழுத்தும் நான் அடிச்சிருக்கேன். என்னப் பத்தி ஒருத்தர் எழுதி நான் பாத்ததில்ல. சிரிப்பா இருந்துச்சாமே. நானும் சிரிக்கறேன்."

குத்திக் காட்டுகிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். நிஜமாகத்தான் கேட்டார். குத்திக் காட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கொண்டு வரேன்க்கா," என்றேன்.

ஜெராக்ஸ் எடுத்தேன். அடுத்த வாரம் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸும் ஏறினேன். இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, ஒரு கடையில் தேநீர் குடித்துவிட்டு, எதிர்ப் பக்கம் போய்த் திரும்பும் பஸ்ஸைப் பிடித்தேன். பிறகு அலுவலகத்தில் பேசி, லிங்கராஜபுரத்தை வேறொருவருக்குத் தள்ளிவிட்டு விவேக் நகரும் சந்தாபுராவும் வாங்கிக்கொண்டேன். சந்தாபுராவுக்கு அந்தக் காலத்தில் போய்வர அரை நாளாகும். தியாகம் என்று மேனேஜர் பாராட்டினார்.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலத்தில் கம்பெனியை மூடினார்கள். பழைய காகிதங்களை எடைக்குப் போடுவதற்கு முன் அவரவருக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் என் வெற்றிப் படைப்பை மட்டும் எடுத்துக்கொண்டேன். லிங்கராஜபுரம் நான் இருக்கும் இடத்திலிருந்து ஒரே பஸ்தான். அந்தக் கடை இப்போதும் இருக்கிறதா, அக்கா இருக்கிறாரா என்று தெரியாது. போய்ப் பார்க்கவில்லை, அதனால் தெரியாது.

இதை எழுத உட்காரும் முன் அந்தப் படிவத்தைத் தேடி எடுத்தேன். பின்பக்கம் படித்துப் பார்த்தேன். சங்கடமான விஷயம், இன்னும் சிரிப்பு வருகிறது. பஸ் குலுங்கியதில் எழுத்து அங்கங்கே சாய்ந்திருக்கிறது. நடுவில் நான் அடித்த வரி இருக்கிறது. அழுத்தி அடிக்கவில்லை, ஒற்றைக் கோடுதான். 'ஞாயிறு சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர், இடது சுண்டு விரல் இப்போது எட்டுவதில்லை, ஒரே விசையில் வைத்தால் போதும் என்கிறார்.' கோட்டுக்கு அடியில் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகத் தெரிகிறது. ஜெராக்ஸிலும் தெரிகிறது.

கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் அக்கா முதல் வரியிலிருந்து சிரித்துக்கொண்டே படித்திருப்பார். ஐஸ், பிளாஸ்திரி, மாதா, எல்லாவற்றுக்கும் சிரித்திருப்பார். பிறகு அந்த இடம் வரும். அவர் அப்போது பிழை திருத்துபவர். கோடு போட்டு அடித்திருக்கும் வரியைத் தாண்டிப் போகிற பழக்கம் அவர்களுக்குக் கிடையாது.